அதிஜே கரைக் கோட்டைகளும் ஆம்பூர்க்காரரும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, வேலூர் உறவினர் அனைவருக்கும் அர்சிஞ்ஞானோவிலிருந்து எழுதும் கடிதம்.

இத்தாலியின் வடகிழக்கில் விசென்சா மாவட்டத்தில் உள்ள அர்சிஞ்ஞானோ, தோல் பதனிடும் ஆலைகளால் பெயர்பெற்ற ஊர் ஆதலால், தோல் வேலைக்காக இங்கு வந்து தங்கும் ஆம்பூர்க்காரருக்கு வார நாட்களில் ஊர் நினைவே வருவதில்லை. டிரம் சுற்றும் ஓசையும், வெட் புளூ எனப்படும், குரோமியத்தில் பதனிட்ட நீலநிற ஈரத்தோலின் வாடையும் எந்த நாட்டிலும் ஒன்றே. ஊர் நினைவு வந்து வாட்டுவது ஞாயிற்றுக்கிழமையில்தான். ஆலையும் கடையும் ஒருசேர மூடிக்கிடக்கும் அந்நாளில், உடன் வேலை செய்யும் இத்தாலியர் அவர்மேல் இரக்கம் கொண்டு காரில் ஏற்றி, ஆல்ப்ஸ் மலைக் கோட்டைகளைக் காட்ட அழைத்துச் செல்கின்றனர்.

வெரோனாவிலிருந்து அதிஜே ஆற்றை ஒட்டி வடக்கே செல்லும் பாதை, ஆஸ்திரியாவுக்கு வழிவிடும் பிரென்னர் கணவாய்க்குக் கொண்டுசேர்ப்பதால், அந்தப் பள்ளத்தாக்கை ஆண்டவன் எவனோ அவனே வணிகத்துக்குச் சுங்கமும் படைக்குத் தடையும் விதிக்க முடிந்தது. ஆகவேதான் இருபுறமும் குன்றுக்கு ஒரு கோட்டை எழும்பி நிற்கிறது. "மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில்" என்று வேலூரைப் பற்றிக் காலங்காலமாகக் கேலி கேட்டு வளர்ந்தவருக்கு, மலை நிறைய மரமும் ஆறு நிறையத் தண்ணீரும் கொண்ட இந்நாடு முதலில் சற்றுக் கூச்சத்தைத் தருகிறது. எனினும் இங்குள்ள கோட்டைகளிலும் அரசன் இல்லை என்பதைக் கண்டு அவர் தேறுகிறார். வேலூர்க் கோயிலுக்கோ 1981-இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார் என்பதால், கணக்கில் ஊரே ஒரு படி முன்னே நிற்பதாகவும் வாதிடுகிறார்.

ட்ரென்டீனோ பகுதியின் மிகப் பெரிய கோட்டையான காஸ்தெல் பெசேனோவை அடைந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, அகழி எங்கே என்பதாகும். மலைக்கோட்டைக்குச் செங்குத்தான சரிவே அகழி என்று விளக்கம் கிடைக்கும்போது, வேலூரின் கிழக்குக் குன்றுகளில் உள்ள சஜ்ரா, கோஜ்ரா கோட்டைகளை அவர் எண்ணிப் பார்த்திருக்கலாம். ஆனால் அவற்றின்மீது அவர் ஒருநாளும் ஏறியதில்லை. பெசேனோவுக்கு அருகில், 1487-இல் வெனிஸ் படைக்கும் திரோல் படைக்கும் இடையே நடந்த கல்லியானோ போரில், வெனிஸ் தளபதி ரொபெர்த்தோ சான்செவெரினோ இதே ஆற்றில் மூழ்கி இறந்தார். உடன்வந்தோர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கையில் ஆம்பூர்க்காரரின் பார்வை, முன்னே ஏறிச்செல்லும் பயணிகளின் காலடியில் பதிந்திருக்கிறது. ஷூவின் மேற்பாகமான 'அப்பர்' எந்தத் தோல், தையல் ஒற்றையா இரட்டையா, வளையுமிடத்தில் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, "இது நம்மூர்ச் சரக்காக இருக்கலாம்" என்று அவர் தீர்ப்புச் சொல்லி முடிப்பதற்குள் கோட்டை வாயில் வந்துவிடுகிறது.

ட்ரென்டோ நகரத்துப் புவோன்கொன்சில்யோ கோட்டை இவ்வளவு எளிதில் அவரை விட்டுவிடுவதில்லை. திருச்சபைப் பதவியையும் ஆட்சியையும் ஒரே கையில் வைத்திருந்த இளவரசு ஆயர்கள் 13-ஆம் நூற்றாண்டு முதல் 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இங்கு வாழ்ந்தனர். இதன் கழுகுக் கோபுரத்தில், ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மீது வண்ணம் தீட்டும் முறையில், 1400-ஆம் ஆண்டையொட்டி வரைந்த பன்னிரு மாதச் சுவரோவியத்தைக் காணத் தனிக்கட்டணம் உண்டு. யூரோவை ரூபாயாக்கிப் பார்த்து முகம் சுளித்தபின் அவர் படியேறுகிறார். ஜனவரியில் ஆடவரும் பெண்டிரும் பனியை உருட்டி ஒருவர்மேல் ஒருவர் வீசி விளையாடுகின்றனர். அக்டோபரில் திராட்சை பிழிகின்றனர். டிசம்பரில் விறகு வெட்டி நகருக்குள் ஏற்றிவருகின்றனர். மார்ச் மாதம் மட்டும் இல்லை. அது தீட்டப்பட்டிருந்த மரப்படிக்கட்டுப் பகுதி தீயில் அழிந்துபோயிற்று. மார்ச் 31-க்குள் ஆண்டுக்கணக்கை முடித்தாக வேண்டிய ஆம்பூர்க் கம்பெனிக் கணக்கர்களுக்கு இங்கு வந்தால் திரும்பிப்போக மனம் வராது.

இக்கோட்டை இருக்கும் நகரில்தான் 1545 முதல் 1563 வரை, இடையிடையே நின்று, கத்தோலிக்கத் திருச்சபையின் ட்ரென்ட் பொதுச்சங்கம் கூடியது. ஆயர்கள் இவ்வாறு அமர்ந்திருந்த 1551-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஆசியாவிலிருந்து போர்த்துகல் அரசவை வழியாக ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியனுக்குக் கிடைத்த சுலைமான் என்னும் யானை, இதே ஊர் வழியாக ஆல்ப்ஸைக் கடந்து வியன்னாவுக்குச் சென்றது. வழியில் ப்ரிக்சன் என்னும் ஊரில் அது தங்கிய விடுதி இன்றும் யானையின் பெயரால் இயங்குகிறது. ஷெங்கன் விசாவுக்காகச் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் அடுக்கிக்கொடுத்த நம்மவர், கிழக்கிலிருந்து வந்த அந்தப் பயணியை நினைத்துப் பெருமூச்சு விடுவது இயல்பே.

ஆனால் அவர் வாயடைத்து நிற்கும் இடம் இக்கோட்டையின் பின்புற அகழிதான். ட்ரென்டோ ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தபோது, அதை இத்தாலியோடு சேர்க்கப் போராடிய செசாரே பத்திஸ்தி 1916 ஜூலை 12 அன்று அங்கே தூக்கிலிடப்பட்டார். ஜூலை மாதமும் கோட்டையும் சேர்ந்தால் வேலூர்க்காரருக்கு 1806 ஜூலை 10 நினைவுக்கு வர வேண்டும். அன்று விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து, வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டிருந்த திப்புவின் மக்களின் பெயரால் மைசூர்க் கொடியை ஏற்றினர். ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து காலையிலேயே அதை அடக்கினார். சமயக்குறி இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற உத்தரவுகளோடு, தோலால் ஆன 'காக்கேட்' எனப்படும் சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகையும் சிப்பாய்கள்மேல் திணிக்கப்பட்டது. அது பசுத்தோலா, பன்றித்தோலா என்ற ஐயம் இரு சமயத்தாரையும் கொதிக்கச் செய்தது. சரக்கைத் தொடும்முன் "என்ன தோல்?" என்று கேட்பது ஆம்பூரில் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் தெரியும். சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக்குக்கு அது தெரியாமற் போனதால் அவரும் ஆளுநர் பெண்டிங்கும் பதவியிழந்து கப்பலேறினர். தோல் நாட்டில் தோலால் மூண்ட இப்புரட்சியைத் தோல்காரர் ஒருவர் இத்தாலியருக்கு விளக்க முற்பட்டு, கோட்டைக்குள் எத்தனை கட்டடம், எந்த வாயில் என்று அவர்கள் கேட்கக் கேட்க விழித்தது இந்தக் குடியேற்றத்தின் பெரிய அவமானம்.

உணவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மலைநாட்டார் பெருமையோடு பரிமாறும் 'ஸ்பெக்' புகையூட்டிய பன்றியிறைச்சி என்பதால் நம்மவரில் பலருக்கு ஆகாது. 'பொலென்டா' என்பது மக்காச்சோள மாவுக் களி. சீரகச் சம்பா பிரியாணியையும் கத்திரிக்காயையும் டப்பாவில் கட்டிவந்து கோட்டை மதிலோரம் திறந்தால், அழைத்துவந்த இத்தாலியர் தம் ரொட்டியை மடித்து வைத்துவிடுகின்றனர்.

அடுத்த கோடையில் இங்கு வர எண்ணும் உறவினருக்கு ஒரு வேண்டுகோள். விசாவுக்கு மனுப் போடுமுன், பேருந்திலிருந்தே பார்த்துப் பழகிய வேலூர்க் கோட்டைக்குள் பிள்ளைகளோடு ஒருமுறை போய், கோயில், திப்பு மகால், அருங்காட்சியகம் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு வரவும். அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வேறு நாளில் செல்லவும்.