ஆய்வுக் குழு வரும் நாள்

கே: கேம் தியரி கணக்குப் பாடம்தானே? கல்லூரித் தரத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? (விருதுநகர் வாசகர்)

ப: அடுத்தவர் என்ன செய்வார் என்று கணித்து நாம் முடிவெடுக்கும் எல்லா இடத்திலும் அது இருக்கிறது. நிர்வாகம், பேராசிரியர், மாணவர், பல்கலைக்கழகம் என நான்கு தரப்பும் ஒருவரையொருவர் பார்த்துத்தான் காய் நகர்த்துகிறார்கள்.

கே: ஒரே பேராசிரியர் பல கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியலில் இருந்தாரே, இது பேராசை இல்லையா? (சேலம் வாசகி)

ப: பேராசை மட்டும் என்றால் ஓரிரு கல்லூரிகளோடு நின்றிருக்கும். 2024-இல் ஊழலை எதிர்க்கும் அறப்போர் இயக்கம் இதை வெளிப்படுத்தியபோது, அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த எத்தனையோ பொறியியல் கல்லூரிகளின் பெயர்கள் அடிபட்டன. பக்கத்துக் கல்லூரி பெயரளவுக்கு ஆள் காட்டி இணைப்பு வாங்கிவிட்டால், உண்மையாகவே ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கும் கல்லூரிக்குத்தான் நஷ்டம். அந்த நேர்மையான நிர்வாகியை நினைத்தால் மனம் வலிக்கிறது. அவரும் எத்தனை நாள் தாங்குவார்?

கணக்கு இதுதான். பத்தில் ஒரு முறைதான் மாட்டுவோம் என்றால், மிச்சப்படுத்திய சம்பளத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் அபராதம் இருந்தால்தான் பொய் கட்டுப்படியாகாது. அவ்வளவு பெரிய தண்டனையை யாரும் விதிக்க மாட்டார்கள். கல்லூரியை மூடினால் தெருவில் நிற்பது மாணவர்கள். ஆகவே மாட்டும் வாய்ப்பைத்தான் கூட்ட வேண்டும். எல்லாக் கல்லூரிப் பட்டியலையும் ஒன்றோடொன்று ஒப்பிட ஒரு கம்ப்யூட்டர் போதும். ஆய்வுக் குழு வரும் தேதியையும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள்!

கே: தரவரிசைப் பட்டியல் போட்டால் போட்டியில் தரம் உயராதா? (கோவை வாசகர்)

ப: எண்களை அனுப்புவதே போட்டியாளர் என்றால் எண் மட்டும்தான் உயரும். 20 பேருக்குக் குறைவான வகுப்புகள் 82 சதவீதத்துக்கு மேல் என்றது அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம். பிறகு வெளியிட்ட கணக்கில் அது 57 சதவீதம்தான். 2022-இல் அந்நாட்டுத் தரவரிசைப் பட்டியலில் அதன் இடம் 2-லிருந்து 18-க்கு இறங்கியது. எண்களைத் தோண்டியவர் அங்கேயே கணிதம் கற்பிக்கும் மைக்கேல் தாடியஸ். அப்படிப் பேசும் ஆசிரியரைக் காப்பாற்றும் விதி நம் பல்கலைக்கழகங்களுக்கு உடனே வேண்டும்.

கே: கேம் தியரியால் உருப்பட்டது ஏதாவது உண்டா? (திருச்சி வாசகி)

ப: உண்டு. மாணவர் தன் விருப்ப வரிசையை உள்ளபடி எழுதினால் இழப்பு வராத சேர்க்கை முறையை 1962-இல் கேல், ஷேப்லி இருவரும் வகுத்தார்கள். ஷேப்லிக்கு 2012-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. கூட்டுக் கலந்தாய்வு அந்த வழியில்தான் இடம் ஒதுக்குகிறது.

கே: நான் ஒரு கல்லூரி முதல்வர். நாளையே என்ன செய்யலாம்? (நாகர்கோவில்)

ப: எந்த வகுப்பை எந்த ஆசிரியர் எடுக்கிறார் என்ற பட்டியலை வாசலில் ஒட்டுங்கள், ஐயா. மாணவர்கள் தினமும் சரிபார்ப்பார்கள்.