கூடாரத்திணை: ஏரிக்கரைத் தளந்தேர்தல் குறித்த ஓர் ஆய்வு

நிலத்தை ஐந்தாக வகுத்த நம் முன்னோர் ஒன்ராறியோவுக்கு வந்ததில்லை. வந்திருந்தால், சின்னப் பிள்ளைகளோடு ஏரிக்கரையில் கூடாரம் அடித்துப் படுப்பதற்கென்று ஆறாவதாக ஒரு திணையை வகுத்திருப்பார்கள். அவர்கள் விட்ட குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம், ஸ்காபரோவிலிருந்து மூன்றரை மணி நேரக் கார் ஓட்டத்துக்குள் அடங்கும் ஏரிகள். ஆய்வுக்கு உட்பட்டோர் ஏழு வயது மூத்தவனும் நான்கு வயது இளையவளும். மாற்று உரையாசிரியர் என் மனைவி. அவருடைய உரையே பெரும்பாலும் சரியானது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

முதற்பொருள் நிலமும் பொழுதும் என்பது மரபு. நிலம் ஏரியும் அதைச் சார்ந்த இடமும். பெரும்பொழுது ஜூலை நடுப்பகுதி தொடங்கி ஆகஸ்ட் முடிய. மே நடுவில் கிளம்பும் கரும்பூச்சி ஓடும் நீரில் பெருகி, ஜூன் முழுக்கக் காதோரத்திலும் பிடரியிலும் கடிக்கும். அது ஓய்வதற்குள் நுளம்பு வந்துவிடும். ஏரியும் ஜூலை நடுவுக்குப் பிறகுதான் பிள்ளைகள் இறங்கக்கூடிய சூட்டுக்கு வருகிறது. சிறுபொழுது இரவு இரண்டு மணி. காரணம் பின்னர் விளங்கும்.

கருப்பொருள்களில் புள், லூன். 1987 முதல் இந்த நாட்டின் ஒரு டொலர் குற்றியில் சாதுவாக நீந்தும் அதே பறவைதான். இரவில் அது எழுப்பும் ஓலத்தைக் குற்றியில் பொறிக்க முடியாது என்பதால், முதல் தடவை கேட்கும் பிள்ளை பேய் என்றே நம்புகிறது. விலங்கு றக்கூன். கரடியும் உண்டு, ஆகவே சாப்பாட்டுப் பெட்டி இரவில் காருக்குள். உணவு, முதல் நாளே மசாலா பூசி ஊறவைத்த கோழி. தொழில் விறகு வாங்கல். மரங்களை அரிக்கும் வண்டு கட்டையோடு பயணம் செய்யும் என்பதால் வீட்டிலிருந்து விறகு கொண்டுபோகக் கூடாது. தெய்வம், பூங்காக்களின் முன்பதிவு இணையத்தளம். போகும் நாளுக்கு ஐந்து மாதத்துக்கு முன்னால், காலை 7 மணிக்கு அது கண் திறக்கும். விரதமிருப்பவர்கள் 6:45க்கே கணினிக்கு முன்னால் அமர்ந்துவிடுவார்கள்.

உரிப்பொருள்தான் இந்தத் திணையின் உயிர். அது கூட்டிப்போதலும் கூட்டிப்போதல் நிமித்தமும். எங்கே கூட்டிப்போதல்? மலசலகூடத்துக்கு. இதற்கு அடியேன் யாத்த நூற்பா வருமாறு:

தளமெனப் படுவது தண்ணீர் அன்றே
நள்ளிரு ளெழுந்த நாலாண்டுக் குழவி
நனையா தேகும் நடையள வதுவே.

இதன் உரை. இளையவள் "அப்பா, ஒண்டுக்கு வருது" என்று அறிவிப்பதற்கும் நிகழ்வு நிகழ்வதற்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ இரண்டு நிமிடம். பகலில் இதை நானே கடிகாரம் வைத்துப் பார்த்தேன். இதில் டோர்ச் தேடுவதற்கு முப்பது விநாடி போகும். கூடாரத்தின் சிப் பாதி வழியில் துணியைக் கடித்துக்கொள்வதற்கு இருபது. வலது செருப்பு மட்டும் கிடைத்து இடது கிடைக்காமல், கடைசியில் பிள்ளையைத் தூக்கிக்கொள்வோம் என்று தீர்மானிப்பதற்கு இன்னொரு முப்பது. எஞ்சிய நாற்பது விநாடியில், வேர்கள் தடுக்கும் இருட்டில், பிள்ளையைச் சுமந்த ஒரு தகப்பன் அறுபது அடிக்குமேல் வைக்க முடியாது. ஆகவே உச்ச வரம்பு அறுபது. கீழ் வரம்பும் உண்டு. இருபது அடிக்குள் இருந்தால் ஊரே உங்கள் கூடாரத்தின் கயிறு தடுக்கிப் போகும்; விடிய விடியக் கதவு அடிபடும்; காற்று திரும்பினால் வேறு விளைவுகளும் உண்டு.

இந்த முடிவை நான் பெருமையோடு சமர்ப்பித்தபோது மாற்று உரையாசிரியர் கேட்டார்: "தூரத்தை அளந்தியள், உள்ளுக்குப் பாத்தியளோ?"

பார்க்கவில்லை. பூங்கா வரைபடத்தில் இருவகை உண்டு. ஒன்று தண்ணீர் இழுத்துவிடும் வகை, விளக்கும் குளிக்கும் அறையும் உள்ளது. மற்றது வெறும் குழி. இருண்ட குழியின் மேல் அமர இளையவள் சம்மதிப்பதில்லை. அது பத்தடியில் இருந்தாலென்ன, ஆயிரம் அடியில் இருந்தாலென்ன? என் கணக்கு முழுவதும் அந்த ஒரே கேள்வியில் சரிந்தது.

இனி ஏரி. முதல் வருடம் நான் படத்தைப் பார்த்துத் தெரிவு செய்தேன். பூங்காவின் பெயர் வேண்டாம். நீர்முனைத் தளம், கூடார வாசலில் ஏரி, அதில் பைன் மரங்களின் நிழல். எல்லோரும் அடித்துப்பிடித்து முதலில் பதிவு செய்வது இவற்றைத்தான். சின்னப் பிள்ளை உள்ளவர்களுக்கு இதைவிட மோசமான தளம் கிடையாது. இரண்டு நாளும் நாங்கள் இருவரும் முறைவைத்துக் காவல் நின்றோம். ஒருவர் தேத்தண்ணி ஊற்றினால் மற்றவர் கரையில் நின்றார். அங்கே குளிக்கும் கரைகளில்கூட உயிர்காப்பாளர் கிடையாது. பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்பதுதான் ஒன்ராறியோப் பூங்காக்களின் அறிவுரை. அந்த இரவு இரண்டு மணிக்கு லூன் அழுதது, இளையவள் எழுந்தாள். மலசலகூடம் இருநூற்று நாற்பது அடி. ஆய்வு நூற்றுத் தொண்ணூறாவது அடியில் முடிவுற்றது.

கரையின் சரிவையும் பார்க்கவேண்டும். அல்கோன்குயின் பூங்காப் பக்கத்துப் பாறை ஏரிகள் பலவற்றில் இரண்டு எட்டு வைத்தால் ஆழம். சாண்ட்பாங்ஸ் பூங்காவின் அவுட்லெட் கரையிலோ மணல் படிப்படியாகத்தான் இறங்கும். மூத்தவன் நெடுந்தூரம் நடந்துபோயும் இடுப்பளவே நனைந்தான். ஆனால் அது ஒன்ராறியோப் பேரேரி. காற்று தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிவிட்டால் சூடான மேல்நீர் விலகி, அடியிலிருக்கும் பனிக்குளிர் மேலே வந்துவிடும். நேற்று குளித்த இடத்தில் இன்று கால் வைக்க முடியாது. கரையில் வாத்துக்கூட்டம் நின்றால் அறிவித்தல் பலகையையும் வாசியுங்கள். 100 மில்லிலீற்றர் நீரில் ஈ.கோலி சராசரி 200ஐத் தாண்டினால் குளிக்க ஏற்றதல்ல என்பது இந்த மாகாணத்தின் அளவு.

அல்கோன்குயினின் அழகைப் பற்றி ஓவியர் டொம் தொம்சனைவிட அறிந்தவர் இல்லை. 1912இல் முதன்முதலாக அங்கே போனவர், 1917இல் கனூ லேக்கில் இறக்கும்வரை அதைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஒளி பற்றி அவர் சொல்வதை நம்பலாம். அவர் மணமாகாதவர் என்பதால் தளத்தெரிவில் அவரைச் சான்றாகக் கொள்வதற்கில்லை.

ஒரு தளத்தில் 6 பேர் என்பது பொது விதி. நம்மவர் அகராதியில் குடும்பம் என்பது இரண்டு சித்தப்பா, ஒரு மாமி, இடியப்ப உரல், கரம்போர்ட். ஆகவே அடுத்தடுத்த இரண்டு தளங்களை ஒரே நேரத்தில் பிடிக்கவேண்டும். இதற்கு இரண்டு கணினியும், சண்டை பிடிக்காத இரண்டு பேரும் வேண்டும். வானொலிக்குத் தடையுள்ள பகுதிகள் சில பூங்காக்களில் உண்டு. பைலா பாடும் சித்தப்பா உள்ளவர்கள் அந்தப் பகுதியைத் தவிர்ப்பது அயலவருக்குச் செய்யும் உதவி.

பிள்ளைகளின் கருத்தையும் பதிவு செய்வது ஆய்வு நேர்மை. அல்கோன்குயினில் லேக் ஒவ் டூ ரிவர்ஸ் எப்படி என்று கேட்டபோது மூத்தவன் சொன்னது: "கடையில ஐஸ்கிரீம் இருக்கு." இளையவளும் அதையே வழிமொழிந்தாள். ஏரியை இருவரும் குறிப்பிடவில்லை.

வாசகரிடம் ஒரே ஒரு விண்ணப்பம். ஜூலைக் கடைசி வாரத்துக்கான பதிவு பெப்ரவரிக் கடைசியில் திறக்கும். நீர்முனைத் தளங்கள் எல்லாவற்றையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கோ. பின்வரிசையில், விளக்குள்ள மலசலகூடத்திலிருந்து நாற்பதாவது அடியில் இருக்கும் ஒன்றை மட்டும் எங்களுக்கு விட்டுவிடுங்கோ.