குறைந்த புள்ளியின் பெருமை

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில், அதாவது மேடு பள்ளங்களிலும் புல்வெளியிலும் ஓடும் நெடுந்தூரப் பந்தயத்தில், ஓர் அணியின் எழுவரில் முதலில் முடிக்கும் ஐவரின் இடங்களைக் கூட்டி, மிகக் குறைந்த தொகை பெற்ற அணிக்கே வெற்றி வழங்கப்படுவதால், 15 புள்ளி என்பது அங்கே முழு நிறைவைக் குறிக்கிறது. ஆறாமவரும் ஏழாமவரும் தம் அணிக்குப் புள்ளி எதுவும் சேர்ப்பதில்லை. எதிரணியின் ஐந்தாமவருக்கு முன்னால் முடித்து அவரது இடத்தைக் கீழே தள்ளுவதே, பிறர் கெடுவதால் தாம் வாழும் உலக நியதிக்கு இசைந்த அவர்களின் பணியாகும். பல பள்ளிகள் கூடும் இத்தகைய பந்தயங்களுக்கு வழங்கும் ‘அழைப்புப் போட்டி’ எனும் பெயரோ அருமையான விருந்தோம்பலை உணர்த்தினாலும், விருந்தினர் பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் செலுத்தியே வருகின்றனர்.

கலிபோர்னியாவின் வால்னட் நகரிலுள்ள மவுண்ட் சான் அன்டோனியோ கல்லூரியின் பெயர்பெற்ற தடம், வழக்கமான 5 கிலோமீட்டருக்குப் பதிலாக 2.93 மைல், அதாவது ஏறத்தாழ 4.7 கிலோமீட்டரே நீள்வதால், அங்கே நேரம் நன்றாக அமைந்தால் பயிற்சியாளரின் திறமை என்றும், மோசமானால் குன்றுகளின் கொடுமை என்றும் பள்ளிகள் விளக்கமளிக்க வசதியாகிறது. எந்த விளக்கமும் பலிக்காத அணி ஒன்றுண்டு: ஐவரை எல்லைக்கோடு சேர்க்காத அணிக்குப் புள்ளியே கிடையாது.