கிருஷ்ணாயில் காசு

நான் சிறுவனாக இருந்த காலத்தில் பொத்தேரியில் எங்களை ‘வேதக்காரங்க’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயருக்கு ஊரில் ஒரு மதிப்பு இருந்தது. கூடுவாஞ்சேரி மளிகைக் கடையில் கடன் சொன்னால், ‘வேதக்கோயில் வீடுதானே, எழுதிக்கோ’ என்பார் முதலாளி. அவர் நெற்றி நிறைய விபூதி பூசுபவர். எங்கள் சாமியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் ஆட்கள் சொன்ன தேதியில் காசைக் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்பது மட்டும் தெரியும். அந்த ஊரில் எங்கள் ஊழியம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் கோயில் பனை ஓலைக் கொட்டகை. சாணி மெழுகிய தரை, ஒரு மேசை, ஒரு அரிக்கேன் விளக்கு. ஞாயிறு காலையில் உபதேசியார் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். மைக் கிடையாது; அவர் பேசுவது ஏரிக்கரையில் போகிறவர்களுக்குக்கூடக் கேட்காது. மழைக்காலத்தில் நனையாத மூலை பார்த்து எல்லோரும் ஒதுங்குவோம். அப்போது பொறியியல் கல்லூரி வரவில்லை. அது 1985-இல் வந்தது. ரயில் போகிற நேரம் தவிர அமைதியான ஊர்.

இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜிஎஸ்டி சாலையின் இரு பக்கமும் பாட்டுச் சத்தம். கடைகளுக்கு மேல்மாடியில், கல்யாண மண்டபத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஆராதனை நடக்கிறது. ஒரு மாடியில் தெலுங்கு, இன்னொரு மாடியில் இங்கிலீஷ். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிப் பாடுவதைப் பார்த்தால் எனக்கு மனம் நிறைகிறது. வீட்டை விட்டு ஆயிரம் மைல் வந்த பிள்ளை ஆண்டவரைத் தேடுகிறது என்றால் அதில் குறை காண நான் யார்? டிரம்ஸும் எல்இடி திரையும் எனக்குப் பிரச்சினையே இல்லை. தாவீது ராஜா ஆடிப் பாடியவர்தான்.

என் வருத்தம் வேறு. கடன் எழுதிக்கொண்ட அந்த மளிகைக்காரரின் மகன் இப்போது கடையைப் பார்க்கிறார். ‘சபைக்காரங்க’ என்றால் அவர் முகத்தில் பழைய நிம்மதி வருவதில்லை. அந்த நம்பிக்கை எங்கே போனது என்று சொல்ல இரண்டு பேரைப் பற்றி எழுத வேண்டும். இருவருக்கும் பெயர் வேண்டாம்.

முதல் ஆள் ரேஷன் கடையில் அளந்து ஊற்றியவர். எண்பதுகளின் தொடக்கம். கிருஷ்ணாயிலுக்கு விடியற்காலையிலேயே வரிசை நிற்கும். அளவைக் குவளை நிறைவதற்குள் சாய்த்துவிடுவார், கேட்டால் அதட்டுவார். ஊரே அறிந்த சங்கதி. அவர் எங்கள் கொட்டகைக்கு வரத் தொடங்கிய சில மாதங்களில் ஒரு ஞாயிறு உபதேசியார் சகேயுவைப் பற்றிப் பேசினார். எரிகோவின் தலைமை வரிவசூல்காரன், குள்ளன், காட்டத்தி மரத்தில் ஏறினவன். இயேசு அவன் வீட்டுக்கு வந்ததும் தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புவதாகவும் எழுந்து நின்று சொன்னவன். அவன் அதைச் சொன்ன பிறகுதான் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொல்கிறார். உபதேசியார் அன்று இந்த வரிசையைத்தான் அழுத்திச் சொன்னார்.

அந்த வாரம் அந்த ரேஷன் கடைக்காரர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு துணிப்பை.

“அக்கா, கிருஷ்ணாயில் உங்களுக்கு நான் ஒழுங்கா அளந்து ஊத்தல. மாசாமாசம் குறைஞ்சிருக்கும். என்னால முடிஞ்ச வரைக்கும் கணக்குப் போட்டு வச்சிருக்கேன். இது உங்க காசு.”

அம்மாவுக்குச் சங்கடமாகிவிட்டது. “இன்னாத்துக்குப்பா இதெல்லாம்? எடுத்துக்கினு போ.”

“வேணாங்க்கா, வாங்கிக்குங்க. இது என் கையில இருந்தா நான் ஜெபம் பண்ண முடியல.”

காசைத் திண்ணையில் வைத்துவிட்டு, நோட்டில் எங்கள் வீட்டுப் பெயரை அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். கார்டு வைத்திருந்த வீடு ஒவ்வொன்றுக்கும் போனார் என்று பிறகு தெரிந்தது. இந்து வீடு, முஸ்லிம் வீடு என்று பார்க்கவில்லை. ஊர்த்தெரு ஆட்கள் காலனிக்குள் கால் வைக்கத் தயங்கிய நாட்கள் அவை. அவர் காலனிக்குள் போய் வாசலில் நின்று, ‘அக்கா’, ‘அண்ணே’ என்று கூப்பிட்டு, கையில் கொடுத்தார். சிலர் திட்டினார்கள், கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு வெகுநாள் அவரை நடந்து போகத்தான் பார்த்தோம். அவர் சைக்கிள் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. சபையில் எழுந்து இதைச் சாட்சியாக அவர் சொன்னதும் இல்லை. சொல்ல வேண்டிய ஆட்களிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

இரண்டாம் ஆள் இந்தக் காலத்தவர், சபை மூப்பர். வாடகைக்கு விடும் அறைகள் நிறைய வைத்திருக்கிறார். கேட்டில் வசனம் எழுதியிருக்கும். பீகாரிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வரும் பிள்ளைகளிடம் அட்வான்ஸ் வாங்குகிறார். படிப்பு முடிந்து போகும்போது பெயின்ட் அடிக்க, ஃபேன் மாற்ற, சுத்தம் செய்ய என்று கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒன்றும் மிஞ்சாது. ரயிலுக்கு நேரமாகிற பிள்ளை எத்தனை நேரம் சண்டை போடும்? அங்கே கழிவறை கழுவுகிற அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் லீவு கிடையாது, அவளும் கிறிஸ்தவள்தான். அவர் கோயிலில் இருக்கும் நேரத்தில் அவள் துடைப்பத்தோடு நிற்கிறாள். சென்ற வருட ஸ்தோத்திரக் கூட்டத்தில், ஆண்டவர் தனக்கு இன்னொரு ப்ளாட் கொடுத்ததாகக் கண்ணீரோடு சாட்சி சொன்னார். சபை முழுக்க அல்லேலூயா என்றது. அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் உண்மையாகவே அழுதார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மனம் உருகுவதும் மனம் திரும்புவதும் ஒன்றென்று நாம் பழகிவிட்டோம். பிள்ளைகளின் பணத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டே ஒருவரால் மனதார அழ முடிகிறது.

நிலம் என்று வந்ததால் எங்கள் வட்டாரத்துச் சரித்திரத்தையும் சொல்ல வேண்டும். 1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, பண்ணையாரை விட்டு விலகினால் குடிசையும் போய்விடும் என்ற நிலை. அதை அடுத்து 1892-இல் வந்த அரசாணையால்தான் பஞ்சமி நிலம் என்ற ஏற்பாடே பிறந்தது. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதே காலத்தில் செங்கல்பட்டில் ஊழியம் செய்த ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரு, நிலமில்லாத குடும்பங்களுக்கு நிலமும் வீடும் கிடைக்கக் குடியிருப்புகள் அமைத்தார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இருக்கும் மெல்ரோசாபுரம் அப்படி வந்தது. பொத்தேரியிலிருந்து மூன்று ஸ்டேஷன் தூரம். ஒரு மனுஷனுக்குச் சுவிசேஷம் சொன்னால் அவன் நிற்க ஒரு அடி மண்ணும் வேண்டும் என்று அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

நூறு வருஷம் கழித்து, 1994 அக்டோபரில், இதே மாவட்டத்தில் காரணை என்ற ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள்மீது போலீஸ் சுட்டது. இறந்த இருவரில் ஒருவர் ஜான் தாமஸ், இன்னொருவர் ஏழுமலை. ஜிஎஸ்டி சாலை ஓரத்தில் சென்ட் கணக்கில் விலை பேசும் இந்த நாட்களில், ப்ளாட் கிடைத்ததற்கு ஸ்தோத்திரம் சொல்கிற எவரும் அந்த மண் முன்பு யாருடையது என்று பத்திரத்தைப் புரட்டிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

சாதிக்கு வருகிறேன். திருச்சபைக்குள் சாதி இருக்கக் கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-லேயே கட்டளை அனுப்பினார். தஞ்சாவூர்ச் சபைகளில் பலர் சாதியை விடுவதைவிட நற்கருணையை விடுவதே மேல் என்று விலகிப் போனார்கள். இரு நூற்றாண்டு ஆகப்போகிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் கல்லறைகளைப் பிரிக்க ஒரு சுவர் எழுந்தது. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் ஒரே வேதத்தைச் சேர்ந்த இரு சாதியாருக்குள் மோதல் வந்து, போலீஸ் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள். சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் 2016 டிசம்பரில் எழுத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். அது நல்ல ஆரம்பம். புராட்டஸ்டண்டுகளாகிய நாமும் ஒப்புக்கொள்ள நிறைய இருக்கிறது. நமது கிறிஸ்தவப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கத்தைத் திறந்தால் போதும். மறுபடியும் பிறந்த, அபிஷேகம் பெற்ற, ஜெபிக்கிற மணமகள் தேவை என்று இருக்கும். பக்கத்திலேயே சாதிப் பெயர். சாதி பார்க்கிறவனுக்கு அந்த மறுபிறப்பு எந்தச் சாதியில் நடந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் கேட்பதில்லை. அவர்கள் காலனி வீட்டுப் பெண்ணைத்தான் மாய்மாலக்காரி என்கிறார்கள். சபையில் ஒரு பெயர், சர்டிபிகேட்டில் ஒரு பெயர் என்பது அவள்மீது குற்றச்சாட்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. ஞானஸ்நானம் வாங்கினால் மகனின் பட்டியல் சாதி இடஒதுக்கீடு போய்விடும். ஆனால் அவளைப் பெண் கேட்க ஊர்த்தெருக் கிறிஸ்தவர் எவரும் வருவதில்லை. அதாவது சாதியின் இழிவு முழுவதும் அவளுக்கு உண்டு, பட்டியல் சாதிக்கான இடஒதுக்கீடு மட்டும் இல்லை. அந்தத் தாய் இரண்டு பெயரோடு வாழ்வதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி, தன் வீட்டுக் கல்யாணத்தில் சாதி பார்க்கிற எவனுக்கும் கிடையாது. விடியற்காலை நாலு மணிக்கு முழங்காலில் நிற்கும் அப்படிப்பட்ட பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் விசுவாசத்தை நான் சந்தேகிக்க மாட்டேன்.

பெரிய சபைகளின் நிலை நாடறிந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று பல சபைகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பிரிந்து கிடந்த சபைகள் இணைய முடியும் என்று அன்று நாம் மற்ற தேசங்களுக்குக் காட்டினோம். அதே திருச்சபைக்கு நிர்வாகத் தேர்தல் நடத்த, 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நியமிக்க வேண்டி வந்தது. இதற்குமேல் இதைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

எழுப்புதல் கூட்டங்களுக்கு மட்டும் குறைவில்லை. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் சுவரெல்லாம் போஸ்டர். தேசம் மனந்திரும்ப வேண்டும் என்று உபவாசம் இருக்கிறார்கள். தேசம் திரும்பட்டும். யோனாவின் புத்தகத்தில் நினிவே ராஜா சாக்கு உடுத்திச் சாம்பலில் உட்கார்ந்ததோடு நிற்கவில்லை. அவரவர் கையில் இருக்கும் கொடுமையை விட்டுத் திரும்பும்படி கட்டளை போட்டான். கடவுள் பார்த்தது அவர்களுடைய செய்கைகளை என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது. நம் கூட்டங்களில் சாக்கும் சாம்பலும் ஏராளம். கூட்டம் முடிந்து வீடு திரும்பியவர் எவராவது ஒரு பழைய வாடகைக்காரருக்குப் போன் செய்தார், ஒரு பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார், ஒரு கல்லறைச் சுவரை இடித்தார் என்ற செய்தி வந்தால் அதை எழுப்புதல் என்று நானும் சொல்வேன்.

ஆகவே, வேதக்காரராகிய உங்களிடம் கேட்கிறேன். வரும் ஞாயிற்றுக்கு இன்னும் நாள் இருக்கிறது. பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டுவந்தவன் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போக வேண்டும் என்றுதான் நம் ஆண்டவர் சொல்லியிருக்கிறார். ஒரு நோட்டை எடுத்துப் பெயர்களை எழுதுங்கள். அட்வான்ஸ் பிடித்துக்கொண்ட பிள்ளையின் நம்பர் உங்கள் போனில் இருக்கும். வேலைக்கார அம்மாவுக்கு ஞாயிறு லீவைச் சம்பளத்தோடு கொடுங்கள். காலனியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தால் வீட்டுக் கதவைத் திறந்து உட்காரச் சொல்லுங்கள். அதையெல்லாம் முடித்துவிட்டுக் கோயிலுக்கு வாருங்கள். கொஞ்சம் பிந்தினாலும் பரவாயில்லை.