அரசர் மேடேறும் பருவத்தில் நாம் பள்ளத்துக்குப் போகலாமா?

கேள்வி: ஜாம்பியாவின் லியுவா சமவெளிப் பூங்காவுக்கு, பிள்ளைகளின் ஏப்ரல்-மே விடுமுறையில் போய் வரலாமா?

பதில்: அந்த இரண்டு மாதமும் வேண்டாம். லியுவா, ஜாம்பியாவின் மேற்கு ஓரத்தில், லுவாம்பிம்பா, லுவாங்கிங்கா என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே கிடக்கும் மேசை போன்ற தட்டை நிலம். நவம்பரில் மழை பிடித்தால் ஏப்ரல் வரை விடாது. ஆறுகள் கரை புரண்டு, புல்வெளி ஏரியாகிவிடும். மே மாதத்தில் தண்ணீர் வடியத் தொடங்கினாலும் வண்டித்தடம் சேறாகத்தான் இருக்கும். பக்கத்து ஜாம்பசி வெள்ளச் சமவெளியில் வாழும் லோசி மக்களின் அரசர்கூட, வெள்ளம் உயர்ந்ததும் லியாலுயியில் உள்ள அரண்மனையை விட்டு, பெரிய படகில் ஏறி லிமுலுங்கா மேட்டுக்குக் குடிபெயர்கிறார். குவோம்போகா என்ற அந்த விழாவின் பெயருக்கே தண்ணீரை விட்டு வெளியேறுதல் என்றுதான் பொருள். அரசரே மேடேறும் பருவத்தில் நாம் பள்ளத்தில் இறங்குவானேன்? இந்தப் பூங்காவுக்குப் போக விரும்புகிறவர்கள் விடுமுறைத் தேதியை ஓரமாக வைத்துவிட்டு, தண்ணீரின் தேதியை முதலில் கேட்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கேள்வி: அப்படியானால் வறண்ட மாதங்களில் போவதுதானே நியாயம்? ஆப்பிரிக்காவில் கோடையில்தான் விலங்குகள் நீர்நிலைகளில் கூடும் என்கிறார்களே. லியுவாவுக்கு நவம்பர்தான் ஏற்றது என்று நீங்கள் முன்பு எழுதியது ஏன்?

பதில்: அந்த விதி பல பூங்காக்களுக்குச் சரி. ஆறு, குளம் தவிர வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் கரையோரமாகக் காத்திருந்தால் யானையும் எருமையும் தாமாகவே வந்து சேரும். ஆனால் லியுவாவுக்குப் போகிறவர் தேடுவது வில்டபீஸ்ட் மந்தையை: மாட்டுத் தலையும் மானின் கால்களும் கொண்ட அந்த விலங்குகளின் இடப்பெயர்ச்சியில், செரங்கெட்டிக்கு அடுத்த பெரிய இடப்பெயர்ச்சி இதுதான் என்று சொல்லப்படுகிறது. எண்ணிக்கை சுமார் 30,000. செரங்கெட்டியில் பத்து லட்சத்துக்கும் மேல். ஆனால் அங்கே ஒரு சிங்கத்தைச் சுற்றி இருபது வண்டி நிற்கும். இங்கே உங்கள் வண்டி மட்டும் நிற்கும். மந்தை தண்ணீரைவிடப் புல்லைத் தொடர்ந்து நடப்பது. வறண்ட காலத்தில் அது வடக்கே விலகிவிடுகிறது. முதல் மழையில் தெற்குப் பகுதியில் இளம்புல் முளைத்ததும் திரும்புகிறது, அங்கேயே கன்று ஈனுகிறது. பெரும்பாலான பசுக்கள் சில வாரங்களுக்குள் ஈன்றுவிடுவதால், கழுதைப்புலிகள் எவ்வளவு தின்றாலும் மீதிக் கன்றுகள் தப்பிவிடும்; பிறந்த சில நிமிடங்களில் எழுந்து நின்று ஓடவும் அவற்றால் முடியும். மழை வலுத்துவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. டிசம்பர் போகப் போகத் தடங்கள் மோசமாகும். ஆகவே அரையாண்டு விடுமுறைக்குக் காத்திருக்காமல், தீபாவளி நவம்பரில் வரும் ஆண்டாகப் பார்த்து விடுப்பு எடுங்கள். நவம்பர் முடியாதவர்கள் ஜூனில் போகலாம். தண்ணீர் வடிந்த பசும்புல்லும், குட்டைகளில் கூடும் கொக்கு நாரைகளும் கிடைக்கும். மந்தையின் கூட்டத்தை மட்டும் அந்த அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: பூங்காவுக்குள்ளேயே கிராமங்கள் இருக்கின்றனவாம். மாடு மேய்க்கும் இடத்தை எப்படிக் காடு என்பது?

பதில்: கிராமங்கள் இருப்பதால்தான் அது காடாக மிஞ்சியது என்பது என் வாதம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லோசி அரசர் லெவானிகா இந்தச் சமவெளியைத் தம் வேட்டைக் காடாக ஒதுக்கி, அதைக் காக்கும் பொறுப்பைத் தம் மக்களிடமே விட்டார். தேசியப் பூங்காவாக ஆனது 1972-இல்தான். உடனே ஒரு மறுப்பு எழும்: காவல் இருந்தும் விலங்குகள் அழிந்தனவே? உண்மைதான். துப்பாக்கியும் கண்ணியும் பெருகிய காலத்தில் சிங்கங்கள் ஒவ்வொன்றாக மறைந்து, கடைசியில் ஒரே ஒரு பெண்சிங்கம் மிஞ்சியது. லேடி லியுவா என்று பெயர் பெற்ற அது பல ஆண்டுகள் துணையின்றி அலைந்து, மனிதர்களின் முகாம்களுக்கு அருகே வந்து படுத்துக்கொண்டது. ஆனால் மீட்பு எப்படி வந்தது என்று பாருங்கள். 2003-இல் ‘ஆப்பிரிக்கன் பார்க்ஸ்’ அமைப்பு பொறுப்பேற்றபோது, அரசாங்கத்தோடு லோசி அரச நிர்வாகமும் அந்த ஒப்பந்தத்தில் பங்கேற்றது. கிராமங்கள் காலி செய்யப்படவில்லை, மீன்பிடி உரிமை பறிக்கப்படவில்லை. பின்னர் வேறு பூங்காவிலிருந்து சிங்கங்கள் கொண்டுவரப்பட்டன. அந்தப் பெண்சிங்கம் 2017-இல் வயது முதிர்ந்து இறந்தபோது, அதைச் சுற்றி ஒரு சிங்கக் குடும்பம் இருந்தது. ஆளை அகற்றினால்தான் விலங்கு பிழைக்கும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

கேள்வி: போய்ச் சேர என்ன வழி?

பதில்: லுசாகாவிலிருந்து மோங்குவுக்குச் சுமார் 600 கி.மீ. சாலை. அங்கிருந்து கலாபோ ஊருக்கு, வெள்ளச் சமவெளியின் குறுக்கே 26 பாலங்களோடு போட்ட புதுச் சாலை 2016 முதல் இருக்கிறது. அதற்கு முன் வெள்ள மாதங்களில் படகுதான். கலாபோவுக்கு அப்பால் மணல். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, முடிந்தால் இரண்டாக, எரிபொருளும் குடிநீரும் போகவர முழுக்கணக்கில். மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் புறப்படும் முன்பே கேளுங்கள். தங்குவதற்குக் கிராமத்தார் நடத்தும் முகாம்களைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் கொடுக்கும் கட்டணம் அந்தப் புல்வெளியைக் காப்பவர்கள் வீட்டுக்கே போய்ச் சேரும்.