சிங்கப்பூர் மொய்

திருப்பூர் மாமா சிங்கப்பூர் வந்து இறங்கியபோது கையில் ஒரு காலிப் பெட்டி. அதற்குள் இன்னொரு காலிப் பெட்டி. அதற்குள் நாலு உடுப்பும் ஒரு நாற்பது பக்க நோட்டும்.

விரித்துப் பார்த்தால் அசல் மொய் நோட்டு. இடப்பக்கம் பெயர், நடுவில் அவர்கள் முன்பு கொடுத்தது, வலப்பக்கம் இவர் கொடுக்க வேண்டியது. 'பெரிய சம்பந்தி – துபாய் பேரீச்சை, அரை கிலோ.' 'எதிர்வீட்டு டீச்சர் – மலேசியா போய் வந்தும் ஒன்றுமில்லை.' டீச்சருக்கு நேரே கீ-செயின் என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தது. மனிதர் தூக்கம் கெட்டு யோசித்திருக்கிறார்.

"மாமா, நாளைக்கு மரினா பே போலாமுங்களா?"

"அது எங்க மாப்ள போயிரப் போவுது? மொதல்ல முஸ்தபா."

சையது ஆல்வி சாலையில் முஸ்தபா சென்டருக்குள் நுழைந்தவரை நாலு மணி நேரம் கழித்துத்தான் மீட்டேன். சம்பந்திக்கு சென்ட், பங்காளிகளுக்குக் கோடாலித் தைலம், கம்பெனி ஆட்களுக்கு நெயில் கட்டர். வீதிக்காரர்களுக்கு சாக்லேட். "அள்ளிக் குடுக்கோணும் மாப்ள. ஆனா உங்க அத்தை கையால. அவ கை சின்னது."

பில் 91 வெள்ளி. நூறு வெள்ளியைத் தொட்டால் சுற்றுலாப் பயணிக்கு ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்கும் என்று யாரோ காதில் ஓதிவிட்டார்கள். ஆறேழு வெள்ளியைத் திரும்ப வாங்குவதற்காக இன்னும் ஒன்பது வெள்ளிக்குத் தைலம் சேர்ந்தது. பையின் வாயை பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்கள். மாமாவுக்கு ஏக திருப்தி. "பாருங்க, வழியில யாரும் கை விட முடியாது."

மறுநாள் பூகிஸ் ஸ்ட்ரீட். 'ஐ லவ் சிங்கப்பூர்' டி-சர்ட்டைக் கையில் எடுத்ததும், பனியன் கம்பெனியில் முப்பது வருஷம் கழித்த மனிதர் விழித்துக்கொண்டார். உள்பக்கம் திருப்பினார். தையலை நகத்தால் நெருடினார். துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். "நூத்தியறுவது ஜிஎஸ்எம் கூட வராது. கழுத்து ரிப்பு ரெண்டே துவையல்ல தொங்கிரும்." தமிழ் தெரியாத சீனக் கடைக்காரப் பெண்ணே முகம் வாடிப்போனாள். அப்புறம் பன்னிரண்டு வாங்கினார்.

"ஏனுங் மாமா, நம்ம காதர்பேட்டைல இதைவிட நல்ல சரக்குக் கெடைக்குமே?"

"கெடைக்கும். காதர்பேட்டைச் சட்டையக் குடுத்தா எவனாச்சும் வரவு வெப்பானா மாப்ள?"

கடைசி நாள், சைனாடவுன் பகோடா ஸ்ட்ரீட்டில் மெர்லயன் கீ-செயின்கள். முப்பத்தாறு. ஒவ்வொன்றின் வாலையும் இழுத்துப் பார்த்து வாங்கினார். மரினா பே ஓரத்தில், 1972-ல் திறந்துவைத்த 8.6 மீட்டர் உயர அசல் மெர்லயன் வாயால் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்க்க நேரமில்லை. "அதைய யாருக்குக் குடுக்க முடியும்?" என்றார்.

ராத்திரி கொக்கித் தராசில் பெட்டிகளை மாட்டினோம். விமானத்தில் அனுமதி 30 கிலோ, தராசு 31.4 காட்டியது. ஒரு கீ-செயின்கூட வெளியே வரவில்லை. அவருடைய வேட்டி, இரண்டு சட்டை, செருப்பு எல்லாம் இன்னும் என் வீட்டில்தான் இருக்கின்றன.

போன வாரம் அழைத்தார். குரலில் கலக்கம். கீ-செயினை வாங்கிக்கொண்ட டீச்சர், மலேசியாவில் வாங்கி அலமாரியில் பத்திரப்படுத்தியிருந்த சாக்லேட் டப்பாவை மறுநாளே கொண்டுவந்து கொடுத்துவிட்டாராம். அந்தம்மாவும் ஒரு நோட்டு வைத்திருப்பார் போல.

"பெரிய டப்பா மாப்ள. இப்ப நாமதான் பாக்கி. லீவுக்கு வர்றப்ப ஒரு சென்ட் பாட்டில் கொண்டாந்துருங்க."

வாங்கிவிட்டேன். வேறு வழியில்லை, என் பெயரும் அந்த நோட்டில் இருக்கிறது.