எக்ஸ்-மென்னும் மாமாவின் காதும்: மரபியல் நோக்கில் ஒரு மீள்பார்வை

1963-இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் எக்ஸ்-மென் காமிக்ஸைப் படைத்தபோது எங்கள் ஊரான கீழ்பென்னாத்தூரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

அபூர்வ சக்தி குறித்த நம் மூலநூல், 1972-இல் சிவகாசி முத்து காமிக்ஸ் வெளியிட்ட இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைவார், இரும்புக்கை மட்டும் தெரியும். மரபியல் நோக்கில் மாயாவி தள்ளுபடி. உடம்பில் அடித்த ஷாக் விந்தணுவில் பதிவாவதில்லை. அவர் பிள்ளைக்கு மாயமும் வராது, இரும்பும் வராது. தவிர, எங்கள் ஊர் மின்வெட்டுக் காலத்தில் அவர் மறைவதற்கு ராத்திரி பத்து மணி வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

எக்ஸ்-மென் அப்படியல்ல. பிறவியிலேயே மரபணுவில் திடீர்மாற்றம். வயசுக்கு வரும்போது சக்தி தலைகாட்டும். திடீர்மாற்றம் என்றதும் இடி மின்னலை எதிர்பார்க்க வேண்டாம். பழைய கிரயப் பத்திரத்தைப் பார்த்து எழுதும்போது 'வடக்கு' என்பது 'கிழக்கு' ஆகிவிடுமே, அதுதான். அப்பா வழி 300 கோடி எழுத்து, அம்மா வழி 300 கோடி. இவ்வளவையும் நகலெடுப்பதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 60, 70 பிழை புதிதாக விழுகிறது. ஆகவே செஞ்சி பஸ்ஸில் படியில் தொங்குகிறவர் உட்பட நாம் எல்லோருமே மியூட்டன்ட்தான். பெரும்பாலான பிழைகள் நல்லதும் செய்வதில்லை, கெட்டதும் செய்வதில்லை.

அத்திபூத்தாற்போல் ஒன்று செய்யும். 1964-இல் இன்ஸ்புரூக் குளிர்கால ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கிய பனிச்சறுக்கு வீரர் ஏரோ மாந்தியூரந்தா, பின்லாந்துக்காரர். அவர் குடும்பத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் ரத்தத்தில் சிவப்பணு மிதமிஞ்சி ஊறியது, மூச்சு தாக்குப்பிடித்தது.

அதே 1964-இல் நம் பக்கத்துக் காதுகளும் அறிவியலில் ஏறின. கர்ட் ஸ்டெர்ன், வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய சென்டர்வால், சர்க்கார் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்திய ஆண்களின் காதுமடலில் வளரும் முடி, ஒய் குரோமோசோம் வழியாக வருகிறதா என்பது கேள்வி. அமெரிக்காவுக்கு எக்ஸ் என்றால் நமக்கு ஒய்! பிளஸ் டூவில் எங்கள் விலங்கியல் வாத்தியார் இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நோட்டில் எழுதவைத்தார்: அப்பனுக்கு இருந்தால் மகனுக்கு உண்டு, மகளுக்குக் கிடையாது. இரண்டு மார்க்.

இனி கள ஆய்வு. ஆய்வுப்பொருள் என் தாய்மாமன், வயது 71. காதுமடலின் ஓரம் நெடுக அருகம்புல் மாதிரி முடி, நுனி வெளுத்தது. வெயில் பின்னாலிருந்து அடித்தால் ஒவ்வொன்றாக எண்ணலாம். எண்ண முயன்று திட்டு வாங்கினேன். அவரது சக்தி: டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே, பஸ் வளைவு திரும்புமுன் அரசு வண்டியா தனியாரா என்று சொல்லிவிடுவார். பலவீனம்: டீக்காசு பற்றிய பேச்சு மட்டும் அந்தக் காதில் விழாது. இரண்டுக்கும் முடி காரணமா என்பது தனி ஆய்வுக்கு உரியது.

சிக்கல் இங்கேதான். என் அப்பா காது வழவழ. எனக்கோ நாற்பத்தாறில் இடது மடலில் மூன்று, வலதில் ஐந்து. சலூன்காரர்தான் முதலில் பார்த்தார். "காதுலயும் எடுத்துடட்டா சார்?" என்றார். ஆய்வுப்பொருள், தொடவேண்டாம் என்றேன். ஒய் அப்பாவிடமிருந்துதான் வரும், மாமாவிடமிருந்து வர வழியே இல்லை. அப்படியானால் அந்த இரண்டு மார்க் செல்லாது.

என் வீட்டுக் கண்ணாடி சொன்னதை 2004-இலேயே ஆய்வகம் சொல்லியிருந்தது. தென்னிந்தியாவில் காதுமுடி உள்ள ஆண்களின் ஒய் குரோமோசோம்களைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒய்தான் காரணம் என்றால் எல்லாம் ஒரே கிளையில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். அவையோ பல வம்சாவளிகளில் சிதறிக் கிடந்தன, காதில் முடியில்லாதவர்களுடையதைப் போலவே. வயதும் ஆண் ஹார்மோனும் பூனைமுடியைத் தடிக்கவைக்கும். ஆனால் குடும்பச்சொத்து ஒய்யில் இல்லை.

முடிவை பெஞ்சில் வைத்தே மாமாவிடம் சமர்ப்பித்தேன்.

"அம்மா வழியாவும் வரலாமாம் மாமா. உங்களுது எனக்கு வந்திருக்கு."

மடலைத் தடவிக்கொண்டார். "மாமன் சீருல இதையும் சேத்துக்கோ மாப்ள."

டீக்காசு யார் கொடுக்கிறது என்று கேட்டேன்.

"செஞ்சி பஸ்ஸு வருது," என்றார்.